செய்திக்குறிப்பு மேசையிலிருந்து நிர்வாகக் கூட்டத்துக்கு: நெல்லை வட்டார மக்கள் தொடர்புப் பணியாளர் முன்னுள்ள ஐந்து வழிகள்

திருநெல்வேலி, பாளையங்கோட்டை வட்டாரத்தில் மக்கள் தொடர்புப் பணியில் இருப்பவர்களைக் கல்லூரிகளிலும் தனியார் மருத்துவமனைகளிலும் பெரிய ஜவுளிக் கடைகளிலும் கங்கைகொண்டான் சிப்காட் வளாகத்துத் தொழிற்சாலைகளிலும் தொண்டு நிறுவனங்களிலும் காணலாம். எழுதத் தெரிந்ததாலோ, படம் எடுக்கத் தெரிந்ததாலோ, வடிவமைப்பு மென்பொருள் பழகியிருந்ததாலோ இந்த வேலைக்கு வந்து சேர்ந்தவர்களே அவர்களில் பெரும்பாலோர். ஐந்தாறு ஆண்டுகளில் கைவேலை நன்றாகப் படிந்துவிடுகிறது. அதன் பிறகு, அடுத்து எங்கே போவது என்ற கேள்வி எழுகிறது. அதே வேலையில் இன்னும் தேர்ந்தவராவது, இருக்கும் நிறுவனத்திலேயே தகவல்தொடர்பு மேலாளராக உயர்வது, சென்னைக்கோ பெங்களூருக்கோ போய், பல நிறுவனங்களுக்கு மக்கள் தொடர்பு வேலை செய்து தரும் பிஆர் ஏஜென்சி ஒன்றில் சேர்வது, மேற்படிப்புப் படிப்பது, சொந்தமாகத் தொழில் தொடங்குவது என ஐந்து வழிகள் முன்னே நிற்கின்றன. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் வட்டாரத்தில் பெரும்பாலோருக்கு இரண்டாவது வழியே சிறந்தது. ஆனால் முடிவு எடுக்கப்படும் முன்பே உங்களை அழைத்துக் கேட்க நிர்வாகம் ஒப்புக்கொள்ளும் இடத்தில்தான் அது செல்லுபடியாகும். அந்த ஒப்புதல் இல்லாத இடத்தில் மற்ற நான்கில் எது வேண்டுமானாலும் அதைவிட மேலானது.

இரு வேலைகளும் எங்கே பிரிகின்றன

மக்கள் தொடர்புப் பணியாளர்கள் அன்றாடம் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்பதை அமெரிக்காவின் சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளென் புரூம், டேவிட் டோசியர் ஆகியோர் 1970களின் இறுதியிலிருந்து தொடர்ந்து ஆராய்ந்தனர். புரூம் முதலில் நான்கு பாத்திரங்களை வகுத்தார்: எழுதுதல், வடிவமைத்தல், நிகழ்ச்சி நடத்துதல் போன்றவற்றைச் செய்து தரும் தொழில்நுட்பப் பணியாளர், சிக்கலுக்குத் தீர்வு சொல்லும் நிபுணர், நிறுவனத்துக்கும் மக்களுக்கும் இடையே பேச்சு நடக்க வழி செய்பவர், நிர்வாகத்தோடு உட்கார்ந்து சிக்கலை அவிழ்ப்பவர். களத்தில் விசாரித்தபோது பின்னைய மூன்றும் ஒரே ஆட்களிடம் சேர்ந்தே காணப்பட்டன. எனவே டோசியர் அவற்றை ஒன்றாக்கி, தொழில்நுட்பப் பணியாளர், மேலாளர் என்ற இரண்டே பாத்திரங்களாகச் சுருக்கினார். நடைமுறையில் ஒரே ஆள் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்வார் என்பது உண்மைதான்; நாளின் பெரும்பகுதி எதில் கழிகிறது என்பதே அவர் யார் என்பதைத் தீர்மானிக்கிறது.

தொழில்நுட்பப் பணியை எளிதென்று எண்ணக் கூடாது. பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் பட்டமளிப்பு விழா மதியம் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். தினத்தந்தி, தினமலர், தினகரன், தினமணி ஆகியவற்றின் நெல்லைப் பதிப்புகளுக்கு மாலைக்குள் செய்தியும் படமும் போய்ச் சேர வேண்டும். சிறப்பு விருந்தினரின் முகத்தை ஒலிவாங்கி மறைக்காத படத்தைத் தேட வேண்டும். படக்குறிப்பில் இடமிருந்து வலமாகப் பெயர்களைப் போட வேண்டும். முன்னெழுத்து ஒன்று மாறினாலோ, ஒருவருடைய முனைவர் பட்டம் விடுபட்டாலோ மறுநாள் காலை ஆறு மணிக்கே போன் வந்துவிடும். இதற்கு நடுவே தாளாளர், “ஏ தம்பி, நாளைக்குப் பேப்பர்ல வந்துருமா?” என்று இரண்டு தடவை கேட்டிருப்பார். இத்தனையையும் தவறில்லாமல் முடிப்பவர் தேர்ந்த கைவினைஞர். ஆனால் அந்த விழாவை எப்படி நடத்துவது, யாரை அழைப்பது, எதற்காக அழைப்பது என்பவையெல்லாம் அவரைக் கேட்காமலேயே முடிவாகியிருக்கும்.

மேலாளரின் வேலை எங்கே தொடங்குகிறது என்பதற்கு இன்னொரு காட்சியை எடுத்துக்கொள்ளலாம். வண்ணார்பேட்டையில் ஒரு தனியார் மருத்துவமனை, புறநோயாளிகளுக்குக் கவுண்டரில் டோக்கன் கொடுப்பதை நிறுத்திவிட்டு, அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து செல்போன் செயலி வழியாக மட்டுமே பதிவு என்று தீர்மானிக்கிறது எனக் கொள்வோம். தொழில்நுட்பப் பணியாளருக்கு அந்தச் செய்தி தீர்மானமான பிறகு வருகிறது. அவர் அழகான போஸ்டர் வடிவமைப்பார். வாசலில் ஃப்ளெக்ஸ் வைப்பார். செயலியை எப்படித் தரவிறக்குவது என்று ஒரு நிமிட வீடியோ எடுத்துப் போடுவார். மேலாளராக இருப்பவர், தீர்மானம் இன்னும் பேச்சளவில் இருக்கும்போதே டோக்கன் கவுண்டருக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று நாள் காலையில் போய் உட்காருவார். களக்காட்டிலிருந்தும் அம்பாசமுத்திரத்திலிருந்தும் முதல் பஸ்ஸைப் பிடித்து வருகிற வயதானவர்களில் எத்தனை பேரிடம் ஸ்மார்ட்போன் இருக்கிறது, மகனோ பேத்தியோ உடன் வராதவர்கள் எத்தனை பேர், முக்கூடல் பக்கத்துப் பீடித் தொழிலாளி ஒரு நாள் கூலியை விட்டு வந்து திரும்பிப் போக நேர்ந்தால் அடுத்த முறை எந்த ஆஸ்பத்திரிக்குப் போவார் என்பதையெல்லாம் கேட்டறிவார். கவுண்டரில் இருக்கும் பெண் ஊழியர்களிடமும் பேசுவார். ஏனென்றால் கோபத்தை நேரில் வாங்கப் போகிறவர்கள் அவர்கள்தாம்.

பிறகு அவர் நிர்வாகத்துக்கு ஒரே ஒரு பக்கத்தில் குறிப்பு எழுதுவார். செயலியால் யாருக்கு நன்மை, யாருக்கு இடர், இடர்ப்படுபவர்கள் நம் நோயாளிகளில் எத்தனை பங்கு, பழைய கவுண்டரைக் குறிப்பிட்ட சில வாரங்களுக்கு உடன் நடத்தினால் ஆகும் செலவு எவ்வளவு, நடத்தாவிட்டால் வரக்கூடிய இழப்பு என்ன, முதல் மாத முடிவில் எதை எண்ணிப் பார்த்து இது சரியாகப் போகிறது என்று தெரிந்துகொள்வது என ஆறேழு வரிகளே அதில் இருக்கும். அந்தக் குறிப்பைப் படித்த நிர்வாகம் தன் தீர்மானத்தை மாற்றலாம், மாற்றாமலும் போகலாம். எப்படியானாலும் போஸ்டர் அதன் பிறகுதான் வரும். அதை வேறொருவர் வடிவமைப்பார். இரு வேலைகளையும் பிரிக்கும் கோடு இந்தக் குறிப்பில்தான் இருக்கிறது. தீர்மானத்துக்குப் பின்னால் வருபவர் எவ்வளவு திறமைசாலியானாலும் தொழில்நுட்பப் பணியாளரே. முன்னால் வருபவர் ஒரு வரிகூட அழகாக எழுதத் தெரியாதவரானாலும் மேலாளர்.

இந்தக் கோட்டை ஏறக்குறைய நூறாண்டுகளுக்கு முன்பே ஒருவர் தெளிவாக வரைந்தார். ஆர்தர் பேஜ் என்பவரை அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டி 1927-இல் மக்கள் தொடர்புத் துணைத் தலைவராக அழைத்தபோது, வெறும் விளம்பரக்காரராக வர மாட்டேன், கொள்கை முடிவுகளில் எனக்கும் பங்கு உண்டு என்றால் வருகிறேன் என்ற புரிதலோடுதான் அவர் பொறுப்பேற்றார். 1946 வரை அப்பொறுப்பில் இருந்தார். அமெரிக்க மக்கள் தொடர்பியல் ஆய்வாளர் ஜேம்ஸ் குரூனிக் தலைமையில் 1985-இல் தொடங்கி அமெரிக்கா, கனடா, பிரிட்டன் ஆகிய நாடுகளில் முந்நூறுக்கும் மேற்பட்ட நிறுவனங்களில் நடந்த பெரிய ஆய்வும் இதையே வேறு பக்கத்திலிருந்து காட்டிற்று. சிறந்த தகவல்தொடர்புத் துறைகளை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டியதில் முதலிடம், மேலாளர் பணியைச் செய்யும் அறிவு அந்தத் துறைக்குள் இருக்கிறதா என்பதற்கே இருந்தது. அந்த அறிவோடு, முடிவெடுக்கும் உள்வட்டத்துக்கும் துறைத் தலைவருக்கும் ஒரே எதிர்பார்ப்பு இருக்க வேண்டும் என்பதும் அதில் தெரிந்தது. இந்த இரண்டாவது செய்தி நமக்கு மிக முக்கியமானது. அறிவு உங்களிடம் இருந்தும் நிர்வாகம் உங்களிடம் போஸ்டரை மட்டுமே எதிர்பார்க்குமானால், நீங்கள் போஸ்டர் போடுபவராகவே இருப்பீர்கள்.

கைவேலையிலேயே நிலைப்பது

முதல் வழியைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆவணப்படம் எடுப்பதிலும், ஆண்டறிக்கை எழுதுவதிலும், தரவுகளை வரைபடமாக்குவதிலும் ஒருவர் உச்சத்தைத் தொட முடியும். அந்தத் திறமைக்கு ஊரெங்கும் மரியாதை உண்டு. ஆட்களை வேலை வாங்குவது, வரவு செலவு பார்ப்பது, கூட்டங்களில் மணிக்கணக்கில் உட்காருவது ஆகியவை பிடிக்காதவர் மேலாளரானால் நல்ல கைவினைஞரை இழந்து சுமாரான மேலாளரைப் பெறுவோம். இதில் உள்ள ஆபத்து ஒன்றே: கருவிகள் மாறும் வேகம். செய்திக்குறிப்பின் முதல் வரைவையும் போஸ்டரின் முதல் வடிவத்தையும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இப்போது நிமிடத்தில் தந்துவிடுகின்றன. நடுத்தரக் கைவேலையின் விலை இறங்கும். உச்சத்தில் இருப்பவருக்கே இந்த வழி பாதுகாப்பானது.

உள்ளேயே உயர்வதும் சென்னைக்குப் போவதும்

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் இடையில்தான். நம் ஊர் இளைஞர் பலர் கேட்பதும் இதையே: நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறிவிடுவதா, இங்கேயே இருப்பதா?

சென்னை, பெங்களூர் ஏஜென்சிகள் தருவதில் முதன்மையானது பலதரப்பட்ட அனுபவம். ஒரே ஆண்டில் வங்கி, மருந்து நிறுவனம், உணவு விநியோகச் செயலி எனப் பல வாடிக்கையாளர்களின் வேலையைப் பார்க்கலாம். நெருக்கடி வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் அறிக்கை தயாரிக்கும் வேகம் பழகும். வேலையை முன்கூட்டியே திட்டமிட்டு, மணிக்கணக்கு எழுதி, கட்டணம் கேட்கும் ஒழுங்கு வரும். நம் ஊரில் இது அரிது. சம்பளமும் கூடுதல், வாடகையும் கூடுதல் என்பது யாவரும் அறிந்ததே.

ஆனால் இளநிலையில் சேர்பவர் அங்கே செய்வது என்ன? பத்திரிகையாளர் பட்டியலைப் புதுப்பிப்பார், செய்திக்குறிப்பை அனுப்பிவிட்டுப் போன் போட்டு நினைவூட்டுவார், வந்த செய்திகளை வெட்டி ஒட்டி வாடிக்கையாளருக்கு அறிக்கை தருவார். அதுவும் தொழில்நுட்பப் பணியே. இடம் மட்டும் பெரியது. மூன்று நான்கு படிகள் ஏறி வாடிக்கையாளரின் மேல்மட்டத்தோடு பேசும் நிலை வந்த பிறகும், ஏஜென்சிக்காரர் வெளியாளாகவே இருப்பார். அவருடைய ஆலோசனை ஒரு மின்னஞ்சலாகப் போய்ச் சேரும்; முடிவு அவர் இல்லாத அறையில் எடுக்கப்படும். திரும்பி வருவதிலும் ஒரு சிக்கல் உண்டு. தகவல்தொடர்பு இயக்குநர் என்ற பணியிடமே நெல்லையில் பெரும்பாலான நிறுவனங்களில் இல்லை. சென்னையில் பத்தாண்டுகள் இருந்துவிட்டு வருபவர், காலியாக இருக்கும் இடத்தில் வந்து உட்கார முடியாது. இடத்தையே உருவாக்கியாக வேண்டும். அதற்குத் தேவையான நம்பிக்கையை இங்கேயே இருந்து வளர்த்தவருக்கு அது சுலபம்.

உள்ளே இருப்பவரின் பலம் ஊரறிவு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரை மீறி ஜங்ஷன் பகுதிக்குள் புகுந்தது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் நூற்றுக்கணக்கில் சிக்கினார்கள். பல இடங்களில் மின்சாரமும் செல்போன் சிக்னலும் அற்றுப்போயின. அப்படிப்பட்ட நாளில் பாபநாசம் அணையிலிருந்து விநாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி திறக்கப்படுகிறது என்ற அறிவிப்பு வருகிறது. அதை அழகாக வடிவமைத்து நிறுவனத்தின் வாட்ஸ்அப் குழுக்களில் பகிர்வது தொழில்நுட்பப் பணி. கன அடிக் கணக்கை வைத்து, சிந்துபூந்துறையிலோ மீனாட்சிபுரத்திலோ கீழ்த்தளத்தில் குடியிருக்கும் நம் ஊழியர் வீட்டைக் காலி செய்ய வேண்டுமா என்று அவரால் தெரிந்துகொள்ள முடியாது. மேலாளராக இருப்பவர் ஐப்பசி மழைக்கு முன்பே சில கேள்விகளுக்குப் பதில் எழுதி வாங்கி வைத்திருப்பார்: அதிகாலையில் விடுமுறை அறிவிக்கும் அதிகாரம் யாருக்கு, அவரை எட்ட முடியாவிட்டால் அடுத்தவர் யார், விடுதியில் கீழ்த்தள அறைகள் எத்தனை, எந்தப் பாலம் மூடப்பட்டால் எந்த வழித்தடத்து ஊழியர்கள் வர இயலாது, சிக்னல் போனால் யார் யாரை நேரில் போய்ப் பார்ப்பது. இந்தப் பதில்களைச் சென்னையில் இருந்துகொண்டு எழுத முடியாது. தச்சநல்லூருக்கும் குறுக்குத்துறைக்கும் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வரும் என்று அறிந்தவர்தான் எழுத முடியும்.

உள்ளே இருப்பவரின் பலவீனத்தையும் மறைக்கக் கூடாது. பெரும்பாலான நிறுவனங்கள் குடும்ப நிர்வாகத்தில் இருப்பவை. அங்கே முடிவுகள் அலுவலகக் கூட்டத்தில் மட்டும் நடப்பதில்லை. வீட்டு முற்றத்திலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் நடக்கும். கேமராவோடு அறிமுகமானவரை நிர்வாகம் கேமராவோடே நினைவில் வைத்திருக்கும். அவர் ஒரு கருத்துச் சொன்னால் ‘படம் நல்லா எடுப்பான், அதை மட்டும் பார்க்கட்டும்’ என்று யாராவது சொல்வார்கள். மேலாளர் என்ற பெயரைக் கொடுத்துவிட்டுப் பழைய வேலையையும் முழுக்கச் செய்யச் சொல்வது இன்னொரு வழக்கம். இந்தத் தடைகள் உண்மையானவை. ஆனால் பொறுமையால் நகர்த்தக்கூடியவை. ஒரே ஒரு சிக்கலைத் தேர்ந்து, கேட்காமலேயே ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுத்து, அது பலித்ததை எண்ணிக்கையோடு காட்டிய பிறகு அடுத்த கூட்டத்துக்கு அழைக்கப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். முதல் குறிப்புக்குப் பதிலே வராமல் போகலாம். மூன்றாவது குறிப்புக்குள் நிர்வாகத்துக்கு ஒரு பழக்கம் உண்டாகிவிடும்: முடிவெடுக்கும் முன் ‘அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டீங்களா?’ என்ற பழக்கம்.

அந்த எண்ணிக்கை எது என்பதிலும் கவனம் வேண்டும். பத்திரிகையில் வந்த செய்தியின் நீள அகலத்தை அளந்து, அதே இடத்துக்கு விளம்பரம் கொடுத்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்கும் என்று மதிப்புக் காட்டும் வழக்கம் இன்னும் நம்மிடையே இருக்கிறது. 2010-இல் பார்சிலோனாவில் கூடிய அளவீட்டு வல்லுநர்கள் வகுத்த கோட்பாடுகள், விளம்பர விலைச் சமன் மக்கள் தொடர்பின் மதிப்பாகாது என்று வெளிப்படையாகவே கூறிவிட்டன. இந்த மாதம் இருபது செய்திகள் வந்தன என்பது தொழில்நுட்பப் பணியாளரின் கணக்கு. கடைசித் தேதிக்குள் விண்ணப்பித்தவர்கள் கூடினார்களா, கவுண்டரில் தகராறு குறைந்ததா, விடுதி மாணவரின் பெற்றோர் அலுவலகத்துக்குப் போன் செய்வது குறைந்ததா என்பது மேலாளரின் கணக்கு. முதல் கணக்கைப் பார்த்து நிர்வாகம் மகிழும். இரண்டாவது கணக்கைப் பார்த்துத்தான் உங்களை அடுத்த கூட்டத்துக்கு அழைக்கும்.

கேட்பதற்கு ஒருவர்

குரூனிக்கும் டாட் ஹண்ட்டும் 1984-இல் மக்கள் தொடர்பை நான்கு மாதிரிகளாகப் பிரித்தார்கள்: பரபரப்பு விளம்பரம், ஒருவழித் தகவல், மக்களின் கருத்தைக் கேட்டாலும் அவர்களை மட்டுமே மாற்ற முயலும் ஒரு பக்கம் சாய்ந்த இருவழி, கேட்டு நிறுவனமும் மாறத் தயாராக இருக்கும் சமநிலையான இருவழி. மேலாண்மைக்கு நகர்வது என்பதன் உள்ளடக்கம் என்னைப் பொறுத்தவரை முதல் இரண்டிலிருந்து கடைசிக்கு நகர்வதுதான். நம் மாவட்டத்தில் இதற்குக் கூடங்குளம் அணுமின் நிலையத்தைவிடப் பெரிய பாடம் இல்லை. அதை அமைக்க இந்தியாவும் சோவியத் யூனியனும் 1988-இல் ஒப்பந்தம் செய்தன. 2002-இல் கட்டுமானம் தொடங்கியது. 2011 மார்ச்சில் ஃபுகுஷிமா விபத்து நடந்த பிறகு இடிந்தகரையை மையமாகக் கொண்டு போராட்டம் பெருகியது. அதன் பின்னர் மத்திய அரசு விஞ்ஞானி முத்துநாயகம் தலைமையில் வல்லுநர் குழுவை அமைத்தது. 2013 அக்டோபரில் முதல் அலகின் மின்சாரம் மின்தொகுப்பில் சேர்ந்தது. அணு உலை வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்துக்குள் இங்கே நான் போகவில்லை. தகவல்தொடர்பின் கண்ணில் பார்த்தால், கடலில் விடப்படும் வெந்நீரால் மீன்பாடு குறையுமா, விபத்து நேர்ந்தால் எந்தச் சாலையில் எப்படி வெளியேறுவது என்ற மீனவர்களின் கேள்விகள் 2011-இல் திடீரென்று பிறந்தவை என்று நான் நம்பவில்லை. அவற்றைக் காலத்தே கேட்டு, பொறியாளர்களும் அதிகாரிகளும் அமர்ந்திருக்கும் மேசைக்கு எடுத்துச் செல்லும் பொறுப்பு எந்தப் பெரிய திட்டத்திலும் ஒருவரிடம் இருக்க வேண்டும். கையேடு அச்சடிப்பவரிடம் அந்தப் பொறுப்பை யாரும் கொடுப்பதில்லை. கையேட்டைக் கொண்டு அந்த வேலையைச் செய்யவும் முடியாது.

தலைமை என்பது இதற்கும் ஒரு படி மேலே. மேலாளர் திட்டமிடுவார், அளப்பார், வரவு செலவு பார்ப்பார். தலைமைக்கு வந்தவர், நிர்வாகம் கேட்க விரும்பாததை நேரில் சொல்ல வேண்டும். தனக்குக் கீழே உள்ளவர் தவறு செய்யும்போது வெளியே தான் பொறுப்பேற்க வேண்டும். தன் கைவேலையை இன்னொருவரிடம் முழுமையாக ஒப்படைக்க வேண்டும். மூன்றாவதுதான் நம்மவர்களுக்குக் கடினம். பதினைந்து ஆண்டுகள் எழுதிப் பழகியவர், இளையவர் எழுதிய செய்திக்குறிப்பை முதல் வரியிலிருந்து மாற்றி எழுதாமல் இருப்பதற்குப் பெரிய மன அடக்கம் வேண்டும்.

பெண்களைப் பற்றித் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். தொழிலில் பெண்கள் பெருகியும் அவர்கள் கைவேலைப் பக்கமே நிறுத்தப்படுகிறார்கள் என்பதைப் புரூம் 1982-லேயே காட்டினார். பன்னாட்டு வணிகத் தகவல்தொடர்பாளர் சங்கத்தின் 1986 ஆய்வும் அதையே எச்சரித்தது. நம் ஊரில் சமூக ஊடகப் பக்கங்களையும் வடிவமைப்பையும் பார்த்துக்கொள்பவர்களில் பெண்கள் நிறைய இருக்கிறார்கள். இரவு எட்டு மணிக்குக் கூடும் நிர்வாகக் கூட்டங்களில் அவர்களைக் காண்பது அரிது. முடிவெடுக்கும் கூட்டத்தைப் பகல் வேளைக்கு மாற்றுவது செலவில்லாத சீர்திருத்தம். அதைக் கேட்டுப் பெறத் தயங்க வேண்டியதில்லை.

படிப்பும் சொந்தத் தொழிலும்

படிப்பின் பயனை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆய்வு முறை, புள்ளியியல், நிதிக் கணக்கு, நிறுவன நடத்தை ஆகியவற்றைத் தானாகக் கற்பது கடினம். படிப்பு அதைத் தரும். அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துத் தொடர்பியல் துறை இருக்கிறது. வேலையை விட முடியாதவர்களுக்கு இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் எம்பிஏ இருக்கிறது. 1965-இல் தொடங்கப்பட்ட டெல்லி இந்திய மக்கள் தொடர்பியல் கல்வி நிறுவனம் விளம்பரம், மக்கள் தொடர்பு ஆகியவற்றுக்கென்றே பட்டயப் படிப்பு நடத்தி வந்திருக்கிறது. தொழில்நுட்பப் பணியாளருக்குப் பெரும்பாலும் குறையாக இருப்பது எழுத்தாற்றல் கிடையாது. இலாப நட்டக் கணக்கைப் படிக்கத் தெரியாமைதான் குறை. நிதி அலுவலர் பேசுவது புரியாதவரால் நிர்வாகக் கூட்டத்தில் வாய் திறக்க இயலாது. அந்த வகையில் ஒரு பொது எம்பிஏ, இன்னொரு ஊடகப் பட்டத்தைவிட அதிகம் உதவும் என்பது என் கணிப்பு.

படிப்பு தராதது கூட்டத்தில் இடம். பட்டத்தைக் காட்டி இடம் கேட்டவர்களைவிட, கூட்டத்துக்குள் நுழைந்த பிறகு தனக்கு எது குறைவு என்று தெரிந்துகொண்டு படித்தவர்கள் அதிகப் பயன் அடைகிறார்கள். ஆகவே இந்த வழி இரண்டாவது வழிக்குப் போட்டியாக நிற்பதைவிட, அதற்கு ஓரிரு ஆண்டுகள் பின்னால் துணையாக வருவதே முறை.

சொந்தத் தொழிலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நெல்லையில் தனியாகத் தொடங்குபவர்களுக்குக் கிடைக்கும் வேலை திருமண மண்டபத் திறப்பு விழா, கடையின் முகநூல் பக்கம், தேர்தல் நேரத்து வீடியோ ஆகியவையே. அவை வருமானம் தரும். மேலாண்மை அனுபவம் என்றால், தன் சொந்த நிறுவனத்தை நடத்தும் அனுபவம் கிடைக்கும். வாடிக்கையாளரின் கொள்கையில் பங்குபெறும் நிலைக்கு வர வேண்டுமானால் மாதக் கட்டணத்தில் நீண்ட கால ஆலோசகராக இரண்டு மூன்று நிறுவனங்கள் ஏற்க வேண்டும். அந்த நம்பிக்கை, ஏற்கெனவே ஓரிடத்தில் மேலாளராக இருந்து பெயர் பெற்றவருக்கே கிட்டும்.

உயர்வு வரும்போது கேட்க வேண்டியவை

நிர்வாகம் மேலாளர் பதவியைத் தருகிறோம் என்று சொல்லும் நாளில், சம்பளத்தைப் பேசும் முன் மூன்று விஷயங்களைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். வாராந்திர அல்லது மாதாந்திர நிர்வாகக் கூட்டம் எதில் நான் உட்காருவேன், அதன் பொருள்நிரல் எனக்கு எப்போது வரும் என்பது ஒன்று. தகவல்தொடர்புக்கென்று தனி வரவு செலவு ஒதுக்கப்படுமா, ஒவ்வொரு ஃப்ளெக்ஸுக்கும் தனித்தனியாகக் கையொப்பம் வாங்க வேண்டுமா என்பது இன்னொன்று. படம் எடுப்பதற்கும் செய்திக்குறிப்பு எழுதுவதற்கும் என் இடத்துக்கு யார் வருகிறார் என்பது மூன்றாவது. இதுவே மூன்றிலும் முக்கியமானது. ஆள் எடுக்க இப்போது வசதியில்லை என்று நிர்வாகம் சொன்னால் அதை உடனே மறுக்க வேண்டியதில்லை. அச்சிடுதலை வெளியே கொடுக்கலாம். துறைகளிலிருந்து ஆர்வமுள்ள இளநிலை ஊழியர் இருவருக்குப் படமெடுக்கக் கற்றுக் கொடுக்கலாம். விழாச் செய்திகளுக்கு ஒரு நிலையான படிவம் செய்து அந்தந்தத் துறையே நிரப்பித் தருமாறு கேட்கலாம். இப்படி வாரத்தில் ஒன்றரை நாளாவது மீட்டுக்கொண்டால் குறிப்பு எழுதவும் மக்களைப் போய்ப் பார்க்கவும் நேரம் கிடைக்கும். மூன்றுக்கும் மழுப்பலான பதிலே வந்து, ஓராண்டு கழிந்தும் ஒரு கூட்டத்துக்குக்கூட அழைப்பு வராவிட்டால், பெயர்ப் பலகையை நம்பி அங்கேயே இருக்க வேண்டாம். அப்போது சென்னை ஏஜென்சியின் நேர்முகத் தேர்வுக்குப் போவது சரியான முடிவு. அதுவரை எழுதிய குறிப்புகளையும் அவற்றின் விளைவுகளையும், நிறுவனத்தின் இரகசியத் தகவல்களை நீக்கிவிட்டு, ஒரு கோப்பாகத் தொகுத்து உடன் எடுத்துச் செல்லுங்கள். அங்கே இளநிலைப் பணிக்குப் பதில் ஒரு படி மேலே சேர அது உதவும்.